லீனியர் செட் பண்ணித் தருகிறேன் என்று வந்தவரிடம் 62,000 ரூபாய் போச்சு, உஷார்!

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ரேடியோ செட்டின் பவரைக் கூட்டித் தரும் எச்எஃப் (ஷார்ட்வேவ்) லீனியர் ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்கே கொண்டுவந்து செட் பண்ணியும் தருகிறேன் என்ற ஆளிடம் 62,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் வந்த விளம்பரம் அது. புகார் கொடுக்கப் போவதால் பெயர் எதையும் இங்கே போடவில்லை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது: 811ஏ ட்யூப் (பவர் வால்வு) நான்கு, 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் பேண்டு வரை, 400 வாட் தாராளமாக வரும், டிரான்ஸ்ஃபார்மர் முழுக்கச் செம்புக் கம்பி. ஹாம் லைசென்ஸில் ஜெனரல் கிரேடுக்கு அனுமதியே 400 வாட் தான், அளவாக இருக்கிறதே என்று போன் பண்ணினேன்.

என்னை நம்பவைத்தது விலை இல்லை. அந்த ஆள் கேட்ட முதல் கேள்வியே லைசென்ஸ்தான், அதுவும் ஹாம்கள் நண்பரைக் கூப்பிடுகிற 'ஓஎம்' என்ற பேரோடு. "ஓஎம், லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு நான் லீனியர் கொடுக்கிறதே இல்ல. காப்பி அனுப்புங்க. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுன்னா 50 வாட்டோட நிப்பாட்டிக்கங்க" என்றார். இப்படிக் கேட்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து ஹாம்கள் செய்தி அனுப்பிய கதையெல்லாம் உருகி உருகிப் பேசினார், ஒவ்வொரு மெசேஜையும் 73 (ஹாம்களின் வாழ்த்துக் குறி) போட்டு முடித்தார். அன்றே 25,000 அட்வான்ஸ் அனுப்பினேன்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குக் காரிலேயே கொண்டுவந்து இறக்கினார். 15 ஆம்பியர் பிளக், எர்த் கம்பி, ரிக்கிலிருந்து (என் ரேடியோ செட்) வரும் பிடிடி லைன் (பேசும்போது லீனியரை ஆன் பண்ணும் கம்பி) எல்லாவற்றையும் அவரே போட்டார். அம்மா உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். டெஸ்ட் பண்ண என் பவர் மீட்டரை எடுத்தேன், "இது 200 வாட் மீட்டர் ஓஎம், போயிரும்" என்று தடுத்து, தன் மீட்டரையும் ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் தன் டம்மி லோடையும் மாட்டினார். 40 மீட்டர் பேண்டில் கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) கொடுத்து, பிளேட், லோட் என்ற இரண்டு குமிழ்களையும் திருகித் திருகி ட்யூன் பண்ணினார். முள் 400இல் போய் நின்றது. மீதி 37,000ஐயும் அங்கேயே வாங்கிக்கொண்டு, மீட்டரையும் டம்மி லோடையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த மீட்டரில் என்ன வேலை செய்திருந்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

சாயங்காலம் என் மீட்டரில் வந்தது 140 வாட். ரிக் தனியாகவே 100 வாட் தரும், அதற்கு மேல் கிடைத்த 40 வாட்டுக்கு 62,000 ரூபாய்! மறுநாள் 20 மீட்டர் பேண்டில் கொஞ்ச நேரம் கூப்பிட்டதும் வார்னிஷ் கருகுகிற வாடை, அப்புறம் ஃபியூஸ் போய்விட்டது. வயரைப் பிடுங்கிவிட்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் மூடியைத் திறந்தோம். அப்போதும் மிச்ச சார்ஜை இறக்கும் டிஸ்சார்ஜ் ஸ்டிக்கை வைத்ததும் பட்டென்று பொறி பறந்தது. கெப்பாசிட்டர்களில் நிற்கும் சார்ஜை வடிக்கும் ப்ளீடர் ரெசிஸ்டரே இல்லை! ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற பெட்டி அது, ஆஃப் பண்ணின பிறகும் சார்ஜ் உள்ளேயே நிற்கும், கை பட்டிருந்தால் ஆள் காலி. மூடியைத் திறந்தால் கரண்ட்டை வெட்டுகிற சுவிட்சையும் கம்பி போட்டு ஷார்ட் பண்ணி வைத்திருக்கிறார். என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடுகிற ரூம் அது. பணத்தைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

டவுனில் காயில் கட்டும் அண்ணனிடம் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுபோனேன். வார்னிஷைச் சுரண்டிக் காட்டினார், அலுமினியம். "தம்பி, இரும்புக் கோரே ஸ்டெபிலைசர் சைஸ்தான். லோடு குடுத்தா இது எப்படித் தாங்கும்?" என்றார். நான்கு ட்யூப்பில் இரண்டுக்கு உயிரே இல்லை, நண்பர் கொடுத்த நல்ல 811ஏக்களை மாற்றிப் போட்டுப் பார்த்து உறுதி செய்தோம்.

அந்த ஆள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதலில், "உங்க ஏரியாவில லோ வோல்டேஜ் ஓஎம்." வோல்டேஜை அளந்து போட்டோ அனுப்பினேன், 228. அப்புறம் "ஆன்டெனா எஸ்டபிள்யூஆர் ஏறியிருக்கும்" (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்பி வருகிற அளவு) என்றார், அதையும் அளந்து அனுப்பினேன். "ட்யூப்புக்கெல்லாம் கேரண்டி கிடையாது" என்றார். அலுமினியக் கம்பி போட்டோவைப் போட்டதும், "கல்யாண வீட்ல இருக்கேன், நாளைக்குப் பேசுறேன்." அந்த நாளை வரவே இல்லை. வீட்டுக்காரம்மா போனிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுத்தார், என் குரலைக் கேட்டதும் கட் பண்ணி அந்த நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டார். தளத்துக்காரர்களோ, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நடப்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ரெடிமேட் பதில் அனுப்பினார்கள். வங்கியில், "நீங்களே அனுப்பின பணம்தானே சார்" என்றார்கள். மூன்று இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள், என் 62,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதையாவது பாருங்கள். உங்கள் மீட்டரில், உங்கள் டம்மி லோடில் பவர் வந்தால் மட்டும் மீதிப் பணம். வீடியோ அனுப்பினால் மீட்டரின் ரேஞ்ச் சுவிட்ச் தெரிகிறதா என்று பாருங்கள், முள்ளை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். லோடு கொடுக்கும்போது பிளேட் வோல்டேஜ் (ட்யூப்புக்குப் போகும் உயர் வோல்டேஜ்) எவ்வளவு இறங்குகிறது என்று கேளுங்கள், எனக்கு வந்த பெட்டியில் 1,500 இருந்தது 900க்கு விழுந்தது. ப்ளீடர் இருக்கிறதா என்று தெரியாமல் உள்ளே கை வைக்காதீர்கள். பணத்தை அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், மட்டமான பொருளைத் தலையில் கட்டியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நான் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி லைசென்ஸ் காப்பி கேட்டு, வீட்டுக்கு வந்து செட் பண்ணித் தருகிறேன் என்று உங்களிடமும் யாராவது பேசியிருந்தால், பணம் கட்டிய ரசீதோடு எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.