ஐந்து ரோட்டில் ஒரு பணி ஆலோசனை மையம்: நான்கு ஞாயிறுகளின் அனுபவம்

பள்ளியில் முதல் மாணவராக இருந்து, வேலைக்குச் சென்றபின் தடுமாறுகிறவர்களுக்கான பயிற்சி என்ற விளம்பரத்தைப் பார்த்து, சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு மாடியில் இயங்கும் மையத்தில் சேர்ந்தேன். 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வுத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்துவதற்கு முன்பு படித்தவன் நான். ஒரு காலத்தில் நாளிதழில் படம் வந்த எனக்கு, பத்து ஆண்டுகளாக அலுவலகத்தில் பதவி உயர்வு இல்லை.

முதல் ஞாயிறு வீண். இரண்டு மணி நேரத் திறனறித் தேர்வு ஒன்றை வைத்து, மறுவாரம் பதினெட்டுப் பக்க அறிக்கை தந்தார்கள். எனக்குப் பகுப்பாய்வுத் திறன் அதிகம் என்று அதில் இருந்தது. எங்கள் கணக்கு வாத்தியார் ஒன்பதாம் வகுப்பிலேயே காசு வாங்காமல் சொன்ன செய்திதான் அது. கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்தத் தேர்வுக்கே போகிறது.

இரண்டாம் வாரம் ஆலோசகர் அம்மையார், அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மனின் ஆய்வை விளக்கினார். 1921இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை நடத்தி ஏறத்தாழ 1,500 சிறார்களைத் தேர்ந்தெடுத்த டெர்மன், அவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் மிகவும் முன்னேறியவர்களையும் பின்தங்கியவர்களையும் ஒப்பிட்டபோது சிறுவயது மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. விடாமுயற்சியிலும் தன்னம்பிக்கையிலும் குடும்பப் பின்னணியிலும்தான் வேறுபாடு தெரிந்தது. அச்சோதனையில் தேறாத வில்லியம் ஷாக்லி 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வளவும் தெரிந்தவர்கள் எங்களுக்கு ஏன் தேர்வு வைத்தார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

மூன்றாம் வாரப் பயிற்சிக்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன். அலுவலக அறிக்கை ஒன்றை எழுதச் சொல்லி, பாதியில் நிறுத்தி, "இப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள்" என்றார் அம்மையார். எட்டுப் பேரில் ஒருவரும் உடனே கொடுக்கவில்லை. நான் இரண்டாவது வரியை நான்கு முறை அடித்து எழுதி, தாளைக் கையால் மறைத்துக்கொண்டே நீட்டினேன். வாங்கியவர், ஒரு மருந்துக் கடையில் கணக்கு பார்க்கும் பெண், "சார், இதில் தேதியே இல்லையே" என்றார். விடைத்தாளை யாரும் எட்டிப் பார்க்காதபடி பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிப் பழகிய கை, குழுவாகச் செய்யும் வேலையிலும் அப்படியே மறைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான்காம் வாரம் நேர்முகத் தேர்வு பற்றிய வழக்கமான உரை, போகாவிட்டாலும் நட்டமில்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது. தேர்வைத் தவிர்த்துவிட்டு மற்ற வகுப்புகளில் மட்டும் சேர முடியுமா என்று என் தம்பிக்காகக் கேட்டேன்; முடியாது என்றார்கள்.