ஸ்பானியத்திலிருந்து ஜெர்மனுக்கு: தாமே மொழிபெயர்ப்பதா, இயந்திர வரைவைத் திருத்துவதா?

ஜெர்மனை அந்நிய மொழியாகக் கற்று, ஸ்பானியப் பனுவல்களை அதில் பெயர்க்கப் பழகுவோர் பலருக்கு இந்தத் தயக்கம் உண்டு.

நேரம்: இயந்திர வரைவு நொடிகளில் வரும், தாமே எழுதினால் ஒரு பக்கத்துக்கே சில மணி நேரம் ஆகலாம்.

இலக்கணம்: 3 பால்கள், 4 வேற்றுமைகள், துணை வாக்கியத்தின் இறுதிக்குச் செல்லும் வினை ஆகிய அனைத்தையும் தாமே எழுதுபவர் ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். திருத்துபவருக்கு அவை அமைந்தே வருவதால், கண் பழகுகிறதே தவிர கை பழகுவதில்லை.

பிழை காணல்: ஸ்பானியம் எழுவாயை அடிக்கடி விட்டுவிடும், ஜெர்மனுக்கோ பெரும்பாலும் அது வேண்டும். முந்தைய பத்தியில் குறிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்பதை இயந்திரம் தவறாக ஊகித்தாலும் வாக்கியம் சரளமாகவே இருக்கும் என்பதால், மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாதவருக்கு அது புலப்படாது. தாமே எழுதுபவரின் குறை வேறு: ஜெர்மானியர் பயன்படுத்தாத சொற்சேர்க்கைகள். இதில் மட்டும் இயந்திர வரைவு, என் கணிப்பில், நல்ல துணை.

ஏ1 முதல் சி2 வரை செல்லும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி2 நிலையை எட்டாதவர்கள் தாமே எழுதுவதே பொருத்தம். சி1 நிலையைக் கடந்து தொழிலுக்கு ஆயத்தமாவோர் திருத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அப்பணிக்குரிய தகுதிகளை 2017-இல் வெளியான ஐஎஸ்ஓ 18587 என்னும் சர்வதேசத் தரநிலை தனியாகவே வரையறுக்கிறது.