3018 சிஎன்சி ரவுட்டரில் பெயர்ப்பலகை, ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மரத்தில் எழுத்து வெட்டும் ஆசையில் கணினி சொல்கிறபடி வெட்டும் இந்த 3018 வகை சின்ன மெஷினை வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மெஷின் மோசமில்லை, ஆனால் கூடவே வந்த பிட்டுகளை (சுழன்று வெட்டும் முனைகளை) நம்பிப் பலகையில் கை வைத்துவிடாதீர்கள்.

எனக்கு வந்தவை 20 டிகிரி கூர் உள்ளவை, சர்க்யூட் போர்டு கீறத்தான் லாயக்கு. வி வடிவில் வெட்டும்போது கோடு எவ்வளவு அகலமோ அதற்கேற்ப பிட் கீழே இறங்கும். 10 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90 டிகிரி பிட் 5 மி.மீ. இறங்கினால் போதும், 60 டிகிரி என்றால் 8.7 மி.மீ., இந்த ஊசிக்கோ 28 மி.மீ. வேண்டும். என் பலகையின் கனமே 18 மி.மீ.! கணக்குப் போடாமல் ஓட்டி இரண்டு முனைகளை ஒடித்த பிறகுதான் 60, 90 டிகிரி பிட்டுகளைத் தனியாக வாங்கினேன். மெல்லிய எழுத்துக்கு 60, பட்டையான எழுத்துக்கு 90. வேலைப்பாடு இன்னொரு மெஷினோ என்று தோன்றும் அளவுக்கு மாறிவிட்டது.

அடுத்த தலைவலி நம் எழுத்து. சில மென்பொருளில் நேரடியாகத் தமிழில் தட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிவிடுகிறது. அதனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக (பாதையாக) மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் கோடுகளை யூனியன் போட்டு ஒன்றாக்கிவிட்டுத்தான் எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோகிறேன். அப்புறம் புள்ளி. நிறைய எழுத்துருக்களில் அது உள்ளே வெற்றிடமுள்ள வட்டம், நடுவில் மிஞ்சுகிற மரம் ஒரு கடுகளவு, பைன் மரத்தில் அது பிட் பட்டதும் ரேகையோடு பிய்ந்து பறந்துவிடும். ஒரு பலகையில் நாலு புள்ளி, நாலும் நாலு விதம். இப்போதெல்லாம் புள்ளி நிரம்பிய எழுத்துருவைத்தான் தேடுகிறேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பலகை சமமாக இருப்பது. 90 டிகிரி பிட்டில் பலகை அரை மி.மீ. மேடாக இருந்தால் அந்த இடத்தில் கோடு 1 மி.மீ. தடித்துவிடும், முதல் எழுத்து ஒல்லி, கடைசி எழுத்து குண்டு. என் முதல் பலகை அப்படித்தான், யாரும் கவனிக்கவில்லை என்றாலும் எனக்கு அது மட்டுமேதான் தெரிகிறது. மெஷினை ஓட்டும் கேண்டில் மென்பொருளில் மேடுபள்ளத்தை அளந்து சரிசெய்யும் வசதி இருக்கிறது, நேரமெடுக்கும், ஆனால் வேலை செய்கிறது.

வண்ணத்துக்கு ஒரு வழி: பலகைமேல் ஒட்டும் தாளை ஒட்டி, தாளோடு சேர்த்து வெட்டி, பள்ளத்தில் மரத்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கோட், பிறகு பெயின்ட், காய்ந்ததும் உரித்துவிடலாம். சீலரை விட்டால் பெயின்ட் மர ரேகை வழியே ஊர்ந்துபோகும், எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் போகாது.

மெஷினின் குறை என்றால் மோட்டாருக்குத் தெம்பு கம்மி. தேக்கில் ஒரு மி.மீ. ஒரு மி.மீ. ஆக இறக்க வேண்டும், அவசரப்பட்டால் சட்டமே வளைந்து எழுத்தின் ஓரம் அலையலையாக வரும். வெட்டும் பரப்பு 300 க்கு 180 மி.மீ. மட்டுமே, நீளமான பெயர் என்றால் பலகையை நகர்த்தி இரண்டு தடவையாக ஓட்ட வேண்டும், சேரும் இடம் பிசகாமல் வந்தால் அதிர்ஷ்டம். எனக்கு வந்ததில் எல்லை வந்ததும் நிறுத்தும் லிமிட் ஸ்விட்சும் கிடையாது, தொடக்கப் புள்ளியைத் தப்பாக வைத்தால் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு கரகரவென்று கத்தும். ஓடும்போது பக்கத்திலேயே இருங்கள்.