அப்பாவுக்கு எடுத்த லூமிபல்ஸ் ரத்த டெஸ்ட், எங்க அனுபவம்

அப்பாவுக்கு 71 வயசு, எங்க கூட நியூ ஜெர்சில இருக்கார். மைல்டு காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்னு சொன்னாங்க, அதாவது மறதி இருக்கு, ஆனா குளிக்கறது, மாத்திரை போடறது, கடைக் கணக்கு எல்லாம் இன்னும் அவரே பாத்துக்கறார். இது டிமென்ஷியாவா மாறுமாங்கறது தான் எங்க கவலை.

டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய்ல மூளைல அமிலாய்டுங்கற புரோட்டீன் படியும். அது இருக்கானு பாக்க, முன்னாடினா முதுகுத்தண்டுல ஊசி போட்டு தண்ணி எடுக்கணும், இல்ல மூளைய படம் எடுக்கற பெட் ஸ்கேன். 2025 மே மாசம் எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஓகே பண்ண இந்த லூமிபல்ஸ் டெஸ்ட்டுக்கு கையில ரத்தம் எடுத்தா போதும், பி-டௌ 217, அமிலாய்டு பீட்டா 42னு ரெண்டு புரோட்டீனோட விகிதத்தப் பாக்கறாங்க. 499 பேர் சாம்பிள்ல பாசிட்டிவ் வந்தவங்கள்ல 91.7 சதவீதம் பேருக்கு மூளைல அமிலாய்டு நெஜமாவே இருந்துச்சு, நெகட்டிவ்ல 97.3 சதவீதம் சரியா இருந்துச்சு. முதுகுல ஊசின்னாலே நடுங்கற அப்பாவுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனா ஒண்ணு, சில பேருக்கு ரெண்டும் இல்லாம நடுவுல ரிசல்ட் வரும், எங்களுக்கு அதான் வந்துச்சு, க்ளினிக்ல அஞ்சு நிமிஷம் கூட உக்காந்து விளக்கல, ரிப்போர்ட்ட போர்ட்டல்ல போட்டுட்டாங்க, அம்மா அழுதுட்டாங்க. அப்புறம் வேற டாக்டர் தான் பொறுமையா சொன்னார், பாசிட்டிவ்னாலும் எந்த வருஷம் டிமென்ஷியா வரும்னு இது சொல்லாது, அமிலாய்டு இருக்கானு தான் சொல்லும்னு. கிட்னி ப்ராப்ளம் இருந்தா பி-டௌ ஏறலாம், அத முன்னாடியே சொல்லிடுங்க. பி12, தைராய்டு குறைஞ்சாலும் மறதி வரலாம், அதப் பாக்காம நேரா இதுக்குப் போகாதீங்க.

டெஸ்ட்டுக்கு 4 ஸ்டார், அந்த க்ளினிக்குக்கு 2. அடுத்த மாசம் பெட் ஸ்கேன் இருக்கு.