ஏழு வருஷம், மூன்று போக்கர் புத்தகங்கள்

போக்கர் ஆட ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது. பதினைந்து புத்தகமாவது படித்திருப்பேன். இன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவை மூன்றுதான். புதிதாக ஆட வருபவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்கிறேன்.

முதலாவது டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'தி தியரி ஆஃப் போக்கர்'. 1987-ல் இந்தப் பெயரில் வந்தது. எடுத்துக்காட்டுகளில் செவன் கார்ட் ஸ்டட் போன்ற ஆட்டங்கள் நிறைய வரும். ஹோல்டெம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் வகை) மட்டும் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் அந்நியமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்போமோ அப்படி ஆடாத ஒவ்வொரு முறையும் லாபம் அவருக்கு. இந்த அடிப்படையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், ஜெயித்தேனா தோற்றேனா என்பதை விட்டுவிட்டு, எடுத்த முடிவு சரியா என்று பார்க்கத் தொடங்கினேன்.

பாட் தொகை, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணம், 100, எதிராளி 50 போடுகிறார் என்று வையுங்கள். நான் 50 கொடுத்தால் மொத்தம் 200. நான்கில் ஒரு முறையாவது ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைகிறது, வரப்போவதும் ஒரே சீட்டு என்றால், நான் பார்க்காத 46 சீட்டில் எனக்கு உதவுவது 9. அது 20 சதவீதம்கூட இல்லை. ஃப்ளஷ் விழுந்த பிறகு அவர் இன்னும் எவ்வளவு கொடுப்பார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கால் செய்யலாமா, அதாவது அவர் போட்டதற்கு ஈடாகப் போடலாமா என்று தெரியும். அதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. நான் அதிகம் கோடு போட்டது அங்கேதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்களைச் சீட்டுக்கட்டு இல்லாமல் படிக்காதீர்கள். ஒருநாள் என் கைக்கு இரண்டு ஏஸ், மேஜையில் ராஜா, 7, 2 என்று பரப்பி வைத்தேன். எதிராளி ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) அவரிடம் ஏஸும் ராஜாவும் இருக்கும் என்றே அதுவரை நம்பியிருந்தேன். மீதி ஏஸ் 2, மீதி ராஜா 3. ஆக அந்தக் கை 6 விதத்தில்தான் அமையும். கையில் ஜோடி ராஜா, ஜோடி 7, ஜோடி 2 வைத்து, மேஜைச் சீட்டோடு ஒரே மாதிரி மூன்று சேர்த்திருக்க ஒவ்வொன்றுக்கும் 3 விதம், மொத்தம் 9. அதாவது என்னைத் தோற்கடிக்கும் கைகள்தான் அதிகம். சீட்டை மேஜையில் அடுக்கி எண்ணியதால்தான் அது மனதில் தங்கியது.

இரண்டாவது, டான் ஹாரிங்டன் பில் ராபர்ட்டியுடன் எழுதிய 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டெம்'. ஹாரிங்டன் 1995 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்றவர். 2004-லிருந்து மூன்று தொகுதிகளாக வந்தது. எவ்வளவு பெட் போடுவது என்று அவர் சொல்வது இன்றைய ஆட்டத்துக்குப் பழசாகிவிட்டது. ஆனால் போட்டிகளில் ஆடுபவர்கள் இரண்டாம் தொகுதியை விடக்கூடாது. கையிருப்புச் சிப்பை ஒரு சுற்றுக்கான பிளைண்ட், ஆண்டி (ஆட்டம் தொடங்கும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய தொகைகள்) செலவால் வகுத்து வருவதை 'எம்' என்கிறார். 3,000 சிப், பிளைண்ட் 200-400 என்றால் எம் 5. அந்த அளவுக்கு இறங்கிய பிறகு மொத்தத்தையும் தள்ளுவதா, ஃபோல்டா (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவதா) என்பது மட்டுமே கேள்வி. போட்டி நடுவில் மனக்கணக்காகப் போட முடிகிற இந்த அளவுகோலை இன்னும் தினமும் பயன்படுத்துகிறேன்.

மூன்றாவது, என் ஆட்டத்தையே மாற்றியது: ஜாரெட் டென்ட்லரின் 'தி மென்டல் கேம் ஆஃப் போக்கர்', 2011. டில்ட், அதாவது மனம் தடுமாறி மோசமாக ஆடுவது, என்றால் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஏழு வகை பிரிக்கிறார். நல்ல கையோடு தோற்றபோதெல்லாம் அநியாயம் நடந்துவிட்டதாகக் கொதிப்பேன். அதுவும் அந்த ஏழில் ஒன்று என்று படித்த இரவு தூக்கம் வரவில்லை. அப்புறம் அவர் சொன்னபடி, தடுமாற்றம் தொடங்குவதற்கு முன் வரும் அறிகுறிகளை எழுத ஆரம்பித்தேன். எனக்கு முதலில் வருவது வேகம். யோசிக்காமலே சிப் நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது.

டாயில் பிரன்சனின் 'சூப்பர் சிஸ்டம்' அந்தக் காலத்து ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள அருமையானது. முதல் புத்தகமாக வேண்டாம். மைக்கேல் அசெவெடோவின் 'மாடர்ன் போக்கர் தியரி'யும் நல்ல புத்தகம்தான், ஆனால் அட்டவணைகள் மிரட்டும். நான் அதை இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டு, எண்ணும் பழக்கம் கைக்கு வந்த பிறகு, ஐந்தாவது வருஷத்தில்தான் முடித்தேன்.