ஐநேச்சுரலிஸ்ட்: இடத்தை மறைத்தும் பதிவைப் பகிரலாம்

உயிரினங்களைக் கண்ட இடத்தோடும் நாளோடும் பதிவுசெய்ய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 2008-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கிய இது, 2023 முதல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாக இயங்குகிறது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் இதன் திறனைப் பலரும் புகழ்வார்கள். எனக்கோ இடத்தை மறைக்கும் வசதிதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த வசதியின் அருமையை உணர கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியின் கதையே போதும். சீனாவில் வாழும் அந்தப் புதிய இனத்தைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை 1999-இல் வெளியானதும், வணிகத்துக்காகப் பல்லி பிடிப்பவர்கள் அதில் சொல்லப்பட்ட இடத்தைத் தேடிச் சென்று, அங்கே ஒன்றுகூட மிஞ்சாமல் துடைத்தெடுத்துவிட்டார்கள்.

இச்செயலியில் இடத்தை மங்கலாக்கினால், அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியே பிறருக்குத் தெரியும். நிலநடுக்கோட்டருகே அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அன்றைய மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டு இடத்தை ஊகிக்க முடியாதபடி நாளும் மறைந்து, மாதம் மட்டும் நிற்கும். அழியும் நிலையிலுள்ள பல இனங்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. ஆனால் நம் கவனக்குறைவைச் செயலியால் மறைக்க முடியாது. ஆந்தைக் குஞ்சுகள் இருந்த மரப்பொந்து ஒன்றை மங்கலாக்கிப் பதிவிட்ட நான், குறிப்புப் பகுதியில் "பாலத்தை அடுத்த மூன்றாவது மரம்" என்று எழுதியிருந்தேன். படத்தின் ஓரத்தில் மைல்கல்லின் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் பார்த்துப் பதறிப்போய்க் குறிப்பை நீக்கி, படத்தை வெட்டிப் பதிவேற்றினேன்.

அதற்காக எல்லாவற்றையும் மறைப்பதும் சரியன்று. இனத்தின் பெயரைப் பிறரும் உறுதிசெய்து பதிவு 'ஆய்வுத் தரத்தை' அடைந்து, பதிவிட்டவர் தேர்ந்த உரிமமும் இடமளித்தால், உலகப் பல்லுயிர்த் தரவுத்தொகுப்பான ஜிபிஐஎஃப்-க்குச் செல்கிறது. அந்தத் தரவைக் கொண்டு சாலை எவ்வழியே போகலாம் என்று திட்டமிடுபவருக்கு 22 கிலோமீட்டர்க் கட்டம் எதற்கும் உதவாது. அதற்குள் தெரியும் புள்ளியை உண்மையான இடமென்று நம்பினால், ஆந்தை கூடு கட்டிய தோப்பை விட்டுவிட்டு வெறும் வயலைக் காப்பாற்ற நேரும். புள்ளி எவ்வளவு தூரம் தவறியிருக்கலாம் என்று பதிவோடு தரப்படும் பிழைவரம்பு எண்ணை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆபத்தில்லாத பொது இனங்களை மறைப்பதால் யாருக்கும் பயனில்லை. அரிய இனங்களின் துல்லியமான இடத்தையோ, நாம் நம்பும் ஆய்வுத் திட்டங்களின் பொறுப்பாளர்களுக்கு மட்டும் காட்ட அனுமதிக்கலாம். திட்டத்தில் சேரும்போதே அந்த அனுமதியை நிதானமாகப் படித்து முடிவெடுங்கள். அந்த மரப்பொந்தின் சரியான இடத்தை நான் இப்போது அப்படித்தான் பகிர்ந்திருக்கிறேன்.