மைசூரா, பத்மநாபபுரமா? இரண்டு அரண்மனைகளின் அலங்காரக் கலை

தென்னிந்திய அரண்மனைகளின் அலங்காரக் கலையைக் காண விரும்புவோர் பெரும்பாலும் மைசூரைத்தான் முதலில் நாடுகிறார்கள். தக்கலைக்கு அருகே, தமிழக எல்லைக்குள் அமைந்திருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் எட்டிப்பார்க்கும் இடமாகவே நின்றுவிடுகிறது. கைவினைதான் அளவுகோல் என்றால் இந்த வரிசை மாற வேண்டும்.

மைசூரின் பழைய மர அரண்மனை 1897இல் ஒரு திருமண விழாவின்போது தீக்கிரையானது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடப் பணியில் முக்கியப் பங்கு வகித்த ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912இல் நிறைவுற்ற இன்றைய அரண்மனையில் கல்லும் இரும்பும் முதன்மை பெற்றதற்கு அந்தத் தீயின் நினைவும் ஒரு காரணமாகலாம். எண்கோணக் கல்யாண மண்டபத்தில் கிளாஸ்கோவில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்கள் நிற்கின்றன. மேலே மயில் உருவங்கள் நிறைந்த வண்ணக் கண்ணாடிக் கூரை. அண்ணாந்து பார்ப்பவரை அசரவைக்கும் அழகுதான் அது. ஆயினும் அந்த அழகில் பெரும்பகுதி தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்றே திட்டமிடப்பட்டது.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தில், 18ஆம் நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மர் விரிவாக்கிய அரண்மனையின் அலங்காரம் அருகில் போனால்தான் பிடிபடும். பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மர விதானத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் மாடியில் உள்ள மந்திரசாலையை, அதாவது மன்னரின் ஆலோசனைக் கூடத்தைச், சற்று நின்று கவனிக்க வேண்டும்: வெளிப்புறமாகச் சாய்ந்த மரச்சட்டங்கள் மழையையும் வெயிலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன, இடையிடையே பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வெளிச்சத்தை மட்டுப்படுத்துகின்றன. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் குழைத்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை, அந்த மங்கலான ஒளியிலும் முகம் காட்டுகிறது. இங்கே சன்னலின் வேலைப்பாட்டையும் அதன் பயனையும் பிரித்துப் பார்க்க இயலாது. தச்சருக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

ஓவியத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மைசூரின் கல்யாண மண்டபச் சுவர்களில் உள்ள தசரா ஊர்வல ஓவியங்கள், யானைகளையும் படையணிகளையும் கூட்டத்தையும் காட்டும் அரிய வரலாற்று ஆவணங்கள். அவற்றை யாரும் நிதானமாகப் பார்க்கலாம். பத்மநாபபுரத்தின் உயர்ந்த சுவரோவியங்களோ உப்பிரிகை மாளிகை என்னும் பல மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கின்றன. அங்கே பொதுமக்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. பழைய சுவரோவியங்களைக் காக்க இந்தக் கட்டுப்பாடு தேவையே. என்றாலும் அவற்றின் தரமான படங்களையாவது கீழ்த்தளத்தில் வைக்கலாம்.

ஓவியமே நோக்கமென்றால் மைசூருக்குச் செல்லுங்கள். மரவேலையும் கட்டடக் கலையும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று அறிய விரும்புவோர், திங்கட்கிழமை விடுமுறையைத் தவிர்த்து, ஒரு முழுக் காலைப்பொழுதையும் பத்மநாபபுரத்துக்கென்றே ஒதுக்கிக்கொள்வது நல்லது.